மாஸ்டர் கடை மீன் சாப்பாடு: அவர் போன பிறகும் போகலாமா?

போகலாம். தாராளமாகப் போகலாம். சங்கரா வறுவல் முன்பைவிட இப்போது நன்றாக இருக்கிறது. சுறாப்புட்டு அப்படியே இருக்கிறது. ரசம் அப்போதும் சுமார், இப்போதும் சுமார். சாப்பாடு எப்படி என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு, தியாகராயா கல்லூரி மெட்ரோவில் இறங்கி, கல்மண்டபம் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ பிடிக்கலாம், அங்கே யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். மதியம் ஒரு மணிக்குள் போய்விடுங்கள்.

மற்றவர்களுக்குக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். ஏனென்றால் கடை வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்ற மாஸ்டர் இறந்ததிலிருந்து ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது: "அவரு போனாரு, ருசியும் கூடவே போச்சு." சொல்பவர்களில் பாதிப் பேர் அதற்குப் பிறகு கடைப் பக்கமே வரவில்லை. வந்து சாப்பிட்டவர்களும் சிலர் இதையே சொல்கிறார்கள். எனக்கு அதில் துளிகூட உடன்பாடில்லை. அந்தக் கடையில் எந்தக் காலத்திலும் சமைத்தது மாஸ்டர் இல்லை. அவருக்கு ஒரு முட்டை ஆம்லெட்டைக்கூட உடையாமல் திருப்பத் தெரியாது.

ஆளைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மீன் கடையில் நிற்கிறவர் என்று யாரும் நம்பமாட்டார்கள். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கை இரண்டு மடிப்பு மடித்திருக்கும். காதோரம் மட்டும் நரையை விட்டுவிட்டு மீதித் தலைக்கெல்லாம் மை. காலில் வெள்ளை ஷூ. ஈரமும் மீன் செதிலும் உள்ள தரையில் காலை பதினொன்றிலிருந்து நாலு மணி வரை அந்த ஷூவோடு நிற்பார், ஒரு பொட்டு அழுக்கு ஒட்டாது. எப்படி என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். "ஸ்டேஜ்ல ஒயர் மேல கால் படாம நின்ன காலு நைனா இது" என்பார்.

ஒருமுறை வந்தவரின் பெயரை மறக்கமாட்டார். பெயரோடு விடவும் மாட்டார். பையன் பத்தாவதில் கணக்கில் தேறினானா, மாமியாருக்குச் சர்க்கரை குறைந்ததா, போன தடவை சொன்ன வீட்டு லோன் கிடைத்ததா என்று எல்லாம் கேட்பார். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவருக்கும் எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடை முதலாளிக்கும் ஒரே வரவேற்புதான்: "இன்னா தொர, ஆளயே காணோம்? குந்து குந்து." உட்கார்ந்த பிறகு பாஷை மாறிவிடும். தட்டு வரும்போது மேடை அறிவிப்பாளர் குரலில் சுத்தத் தமிழில் ஆரம்பிப்பார்: "அடுத்து, மூன்றாம் எண் மேசை நேயரின் விருப்பமாக, காசிமேடு புகழ் கடம்பா தொக்கு!" கடம்பா என்றால் கணவாய்தான். முதல்முறை வருகிறவர்கள் கைதட்டியே விடுவார்கள்.

இந்தக் குரலும் ஷூவும் எங்கிருந்து வந்தன என்பது எனக்குத் தெரியும். என் தாய்மாமா பழைய வண்ணாரப்பேட்டையில் மைக் செட் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் ஒயர் சுற்றவும் ஸ்டாண்டு தூக்கவும் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். மாஸ்டரை நான் முதலில் பார்த்தது ஒரு மெல்லிசை மேடையில், தும்பா என்ற உயரமான கைமேளத்துக்குப் பின்னால்.

1970களிலும் 1980களிலும் சென்னையில் மெல்லிசை என்றால் காமேஷ் - ராஜாமணி, ஏ.வி. ரமணனின் மியூசியானோ என்று பெரிய பெயர்கள் உண்டு. இளையராஜா சகோதரர்களே 'பாவலர் பிரதர்ஸ்' என்று ஊர் ஊராக மேடை ஏறிவிட்டுத்தான் சினிமாவுக்கு வந்தார்கள். அந்தப் பெயர்களுக்கெல்லாம் கீழே, போஸ்டரில் பெயர் சின்னதாக வருகிற குழுக்கள் வடசென்னையில் எத்தனையோ இருந்தன. மாஸ்டர் இருந்தது அப்படி ஒன்றில். இரண்டு கீபோர்டு, லீட் கிட்டார், பேஸ், டிரம்ஸ், தபேலா, ஒரு ட்ரம்பெட். பாடுவதற்கு ஆண்கள் இருவர், ஒரு பெண். அந்த அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டால் சமாளிக்கப் பெண் குரலில் பாடும் ஆண் ஒருவர். தும்பாவும், பேங்கோஸ் என்ற இரட்டைச் சிறு மேளமும் மாஸ்டர்.

ஆடி மாதம் வந்தால் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை எந்தத் தெருவில் அம்மன் கோயில் இருந்தாலும் பகலில் கூழ் ஊற்றுவார்கள், ராத்திரி கச்சேரி வைப்பார்கள். கல்யாண முகூர்த்தம் இல்லாத அந்த மாதத்தில்தான் இவர்களுக்கு உண்மையான வருமானம். கடலோரத் தெருக்களில் மேடை போட்டால் ஈரக் காற்றில் தும்பாத் தோல் தொய்ந்துவிடும். மாஸ்டர் கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, மாமாவின் ஆயிரம் வாட்ஸ் ஃபோகஸ் லைட்டைக் கேட்டு வாங்கி அதன் எதிரில் தும்பாவைச் சாய்த்து வைத்துவிட்டு, ஸ்பானரால் கொக்கி கொக்கியாகத் திருகி, தட்டித் தட்டிக் கேட்பார். எனக்கு அப்போதெல்லாம் பாட்டைவிட அதைப் பார்க்கத்தான் பிடிக்கும். வேகப் பாட்டு வந்தால் பேங்கோஸை முழங்காலிடுக்கில் வைத்துக்கொண்டு மேடையின் முன் விளிம்புக்கே வந்து உட்கார்ந்துவிடுவார். பாடுகிறவரை யாரும் பார்க்கமாட்டார்கள். பாடகர்களுக்கு அவர்மேல் கோபம் இருந்தது, நியாயமான கோபம்தான்.

அந்தத் தொழில் ஒரே நாளில் போகவில்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்தன. 2005இல் உச்ச நீதிமன்றமும் கறாராகச் சொல்லிவிட்டது, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று. எங்கள் பக்கத்தில் கச்சேரி களைகட்டுவதே அதற்கு மேல்தான். அம்மன் ஊர்வலம் திரும்பி, கூழ் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பெண்கள் பாய் எடுத்துக்கொண்டு வந்து உட்காரவே ஒன்பதரை ஆகும். பத்துக்கு மூட்டை கட்டு என்றால் விழாக் கமிட்டி எதற்கு முழுப் பணம் கொடுக்கும்? வயதானவர்களுக்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் அந்தச் சட்டம் நிம்மதி தந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு பேர் உள்ள ஒரு குழு அதற்குப் பிறகு கட்டுப்படியாகவில்லை.

அதற்கு முன்பே ஆக்டாபேடு வந்திருந்தது. ரோலண்ட் கம்பெனி 1980களில் கொண்டுவந்த சாமான். எட்டு ரப்பர் சதுரம். குச்சியால் தட்டினால் தும்பா, தபேலா, உருமி, எது வேண்டுமானாலும் வரும். மாஸ்டர் முறைத்துக்கொண்டு உட்காரவில்லை. கடன் வாங்கி அவரே ஒன்று வாங்கி, அதையும் கற்றுக்கொண்டார். பிரச்சினை என்னவென்றால், அதை ஒருவர் வாசித்தால் தபேலாவுக்கும் டிரம்ஸுக்கும் ஆள் வேண்டாம். அவர்களிடம் போய் "அடுத்த கச்சேரிக்கு வரவேண்டாம்" என்று சொல்லும் வேலையைக் குழுத் தலைவர் இவர் தலையில் கட்டினார். இவர் சொன்னால்தான் யாரும் சண்டை போடமாட்டார்கள் என்பது கணக்கு. அதன் பிறகு கீபோர்டிலேயே தாளம் வந்தது, பென்டிரைவில் டிராக் வந்தது, ரிசப்ஷன்களில் டிஜே வந்தார், மாப்பிள்ளை அழைப்புக்குக் கேரளத்திலிருந்து செண்டை மேளம் வந்தது. ஒரு வருஷம் ஆடி முழுக்க இவருக்கு விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் புரோகிராம்.

ஆக்டாபேடை விற்ற காசில் ஒரு தள்ளுவண்டி, இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு பெரிய இரும்புத் தோசைக்கல். போதாததற்கு அக்காவின் செயின் தங்கசாலைப் பக்கம் ஒரு சேட்டுக் கடைக்குப் போனது. அக்கா என்று நான் சொல்வது மாஸ்டரின் மனைவியை. காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மா கூடை தூக்கித் தெருத் தெருவாக மீன் விற்றவர். மாலை நேரத்தில் வறுத்த மீன் மட்டும் போடுவது என்று அக்கா சொன்னார், இவர் சரி என்றார். மேடையில் கைதட்டு வாங்கிய ஆள் தெருமுனையில் வண்டி தள்ளுகிறாரே என்று பார்த்தவர்களுக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவருக்கு இல்லை. முதல் நாளே சாட்டின் சட்டையும் வெள்ளை ஷூவுமாக வந்து நின்று, "வணக்கம், இன்றைய நிகழ்ச்சியில்..." என்று ஆரம்பித்துவிட்டார். தெரு அடைத்துக்கொண்டது. வண்டி ஷெட்டானது, ஷெட் வாடகைக் கடையானது. இப்போது இருப்பது எட்டு மேசை உள்ள கடை.

சுவரில் உணவுப் பாதுகாப்பு உரிமச் சான்று மாட்டியிருக்கிறது, பார்த்தால் தெரியும்: பெயர் அக்காவுடையது. கடை வாடகை ஒப்பந்தமும் அப்படித்தான். யாராவது "முதலாளி" என்று கூப்பிட்டால் மாஸ்டர் சமையல்கட்டுப் பக்கம் கை காட்டுவார். "நான் வெறும் மைக்கு நைனா. பாட்டு உள்ள கீது." இதை அடக்கத்துக்காகச் சொல்கிறார் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவர் உள்ளதைத்தான் சொன்னார். ருசி போய்விட்டது என்பவர்கள் இந்த ஒரு வரியையாவது ஞாபகம் வைத்திருக்கலாம்.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன்.

அக்கா விடியற்காலை மூன்றரைக்கெல்லாம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இருப்பார். லாஞ்சில், அதாவது விசைப்படகில், வரும் மீனும் ஃபைபர் போட்டில் வரும் மீனும் ஒன்றில்லை. லாஞ்சு நாள்கணக்கில் கடலில் இருந்துவிட்டு ஐஸ் போட்ட மீனோடு வரும். ஃபைபர் போட் ராத்திரி போய்க் காலையில் திரும்பிவிடும். அக்கா முடிந்தவரை ஃபைபர் மீன்தான் எடுப்பார், அதனால் இந்தக் கடையில் தினமும் ஒரே மெனு கிடையாது. வஞ்சிரம் வேண்டும் என்று அடம்பிடித்து வருகிறவர்கள் பாதி நாள் ஏமாந்துதான் போகவேண்டியிருக்கும். கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அது.

சங்கரா எழுதியிருந்தால் யோசிக்க வேண்டாம். முழு மீன், இரண்டு பக்கமும் கீறல் போட்டது. மசாலா என்றால் ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், பூண்டு, சோம்பு, உப்பு, கொஞ்சம் புளித்தண்ணீர். சோள மாவு இல்லை, சிவப்புக் கலர் இல்லை. மசாலாவைத் தடவி ராத்திரி முழுக்க ஊறவைப்பது பல கடைகளில் பெருமையாகச் சொல்லப்படும் விஷயம். அக்காவுக்கு அது பிடிக்காது. அரை மணி நேரம் போதும், அதற்கு மேல் வைத்தால் உப்பு மீனிலிருந்து தண்ணீரை இழுத்துச் சதையைச் சக்கையாக்கிவிடும் என்பார். தோல் மொறுமொறுவென்று, உள்ளே சதை வெள்ளையாக, விரலால் தொட்டால் ஏடாகப் பிரிந்து வரவேண்டும். இப்போது அப்படித்தான் வருகிறது.

"இப்போது" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாஸ்டர் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மீன் சில நேரம் எண்ணெய் குடித்து, சொதசொதவென்று வரும். வாசலில் நிற்கிற யாரையும் அவருக்குத் திருப்பி அனுப்ப மனம் வராது. "அஞ்சு நிமிசம் கண்ணு" என்று எல்லோரையும் உள்ளே விட்டுவிடுவார். உள்ளே கல்லில் இடமே இல்லாமல் மீனை நெருக்கிப் போடுவார்கள். அப்படிப் போட்டால் கல்லின் சூடு இறங்கி, மீன் வறுபடாமல் வெந்துதான் போகும். அந்த அஞ்சு நிமிஷம் முக்கால் மணி நேரமாகும். ஆனால் அந்த முக்கால் மணி நேரமும் அவர் கதை சொல்வார்: ஒரு கச்சேரியில் கரன்ட் போய் இருட்டில் தும்பா மட்டும் வைத்துக் கூட்டத்தை உட்கார வைத்த கதை, மாப்பிள்ளை மேடையிலேயே மைக்கைப் பிடுங்கிப் பாடி நாதஸ்வரக்காரர் எழுந்துபோன கதை. சிரித்துச் சிரித்து வயிறு காய்ந்திருப்பவனுக்கு எதைப் போட்டாலும் ருசிக்கும். இன்று அந்தக் கதை இல்லாமல் வெறும் மீனைச் சாப்பிடுகிறவர்கள் "முன்ன மாதிரி இல்ல" என்கிறார்கள். முன்பு மாதிரி இல்லைதான். முன்பைவிட ஒழுங்காக வறுபட்டிருக்கிறது.

சுறாப்புட்டில் கை வைக்கவே முடியாது. பால்சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, தண்ணீரைப் பிழிந்து எடுத்துவிட்டு, சின்ன வெங்காயம், நிறையப் பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், கடைசியில் மிளகு. தேங்காய்த் துருவல் போட்டு அளவைப் பெருக்குகிற வேலை இங்கே இல்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்கு என்று வாங்கிப் போகிறவர்களுக்கு மிளகாயைக் குறைத்துப் பூண்டைக் கூட்டித் தனியாகச் செய்து கொடுப்பார்கள். முதல் நாளே சொல்லவேண்டும்.

சாப்பாடு 130 ரூபாய். பொன்னி அரிசிச் சோறு, மீன் குழம்பு, ஒரு பொரியல், ரசம், மோர். குழம்பு மீன் அன்றன்றைக்கு மாறும். கானாங்கத்தை விழுந்த நாளில் குழம்பு கெட்டியாக, நல்லெண்ணெய் மேலே மிதக்க வரும். காரப்பொடி மீன் போட்டால் முள் பார்த்துச் சாப்பிடவேண்டும், பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். சென்னாக்குனி என்கிற பொடி இறாலை வறுத்துப் பொடித்து ஒரு சிட்டிகை சோற்றின் ஓரத்தில் வைப்பார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் வராது. கடம்பா தொக்கு 150 ரூபாய். பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டால் பஞ்சு, இரண்டு மணிக்கு மேல் சூடுபடுத்தியதைச் சாப்பிட்டால் ரப்பர். ரசத்தைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

பரிமாறுகிறவர்களைக் கவனியுங்கள். பில் போடுகிறவர் அந்தக் குழுவின் கீபோர்டுக்காரர். வாளி தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் ஒல்லியாக ஒருவர் இருப்பார், அவர்தான் அந்தப் பெண் குரல் அண்ணன். இன்றும் ஆர்டரை உள்ளே சொல்லும்போது குரல் தன்னால் மேலே ஏறிவிடும். 2020 ஊரடங்கில் கச்சேரி என்ற பேச்சே இல்லாமல் போனபோது மாஸ்டர் இவர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். முன்பு ஆக்டாபேடு வந்ததால் வெளியே போன தபேலாக்காரரின் வீட்டுக்கும் அந்த மாதங்களில் பார்சல் போனது. யார் கணக்கில் என்று கேட்டால் சொல்லமாட்டார்.

2023 டிசம்பர் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிவதற்குள் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்துவிட்டது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாவற்றிலும் கரும்பிசுக்கு. எண்ணூர் மீனவர்களின் பாடு தனிக் கதை. காசிமேட்டிலும் மீன் வாங்க ஆள் பயந்தது. கடையில் ஈ ஓட்டினார்கள். மாஸ்டர் விளம்பரம் எதுவும் செய்யவில்லை. மதியம் சரியாக ஒரு மணிக்கு, வாசலை ஒட்டிய முதல் மேசையில், தன் வயதான அம்மா, அக்கா, இரண்டு பெண்கள், மருமகன், பேரன் என்று மொத்தக் குடும்பத்தையும் வரிசையாக உட்கார வைத்து, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி மீன் சாப்பிட்டார்கள். தினமும். பேரனுக்கு முள் எடுத்து ஊட்டிக்கொண்டே, நிற்கிறவர்களிடம் அது ஆழ்கடலில் எந்தப் பக்கம் பிடித்த மீன், எந்தப் படகு என்று விவரம் சொன்னார். ஆதாரம் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. பேரனுக்கு ஊட்டுகிறவர் பொய் சொல்வாரா? பொங்கல் வருவதற்குள் கூட்டம் திரும்பிவிட்டது. இது வியாபார தந்திரமா என்று கேட்டால், ஆமாம், தந்திரமும்தான். ஆனால் மற்ற நாட்களிலும் அக்கா இலை முன்னால் உட்காராமல் அவர் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. மூன்று மணி ஆனாலும் நாலு மணி ஆனாலும் காத்திருப்பார். சமையல்கட்டுக் கதவைப் பார்த்தபடி, அந்த வெள்ளை ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு.

அவரிடம் குறையே இல்லை என்று எழுதினால் அது அஞ்சலிக் கூட்டப் பேச்சாகிவிடும். கடன் நோட்டு ஒன்று வைத்திருந்தார். யார் கேட்டாலும் "எழுதிக்கோ" என்பார், திருப்பிக் கேட்க மட்டும் வாய் வராது. அந்த நோட்டில் இருப்பவர்களில் வசதி இல்லாதவர்களைவிட வசதி உள்ளவர்கள்தான் அதிகம் என்று கீபோர்டு அண்ணன் சொல்வார். சேட்டுக் கடைக்குப் போன செயின் மீண்டு வந்து, மறுபடியும் போய், மறுபடியும் வந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் கடையைப் பல நாள் மூடிவிட்டு, எங்காவது சித்திரைத் திருவிழாக் கச்சேரிக்கு ஆள் குறைகிறது என்றால் பேங்கோஸோடு போய்விடுவார். அந்த வாரங்களில் வேலைக்காரர்களுக்குப் பாதிச் சம்பளம்தான்.

மாரடைப்பில் போய்விட்டார். இறுதி ஊர்வலத்தில் புல்புல் தாரா, டோலக்கோடு கானா பாடினார்கள், எங்கள் பக்கத்து வழக்கம். காரியம் முடிந்த மறுநாள் விடியற்காலை அக்கா மீன் ஏலத்துக்குப் போய்விட்டார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

முன்னால் இப்போது நிற்பது மூத்த மகள், எல்லோருக்கும் பெரிய பாப்பா. பி.காம். படித்துவிட்டுப் பாரிமுனையில் ஒரு ஆபீஸில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர். சிரிப்பு குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு. வந்ததும் டோக்கன் முறை கொண்டுவந்தார். கல்லில் ஒரு நேரத்துக்கு ஆறு மீனுக்கு மேல் போடக்கூடாது என்று ஏற்பாடு. கடன் நோட்டை மூடிவிட்டார். பழைய பாக்கிக்கு யார் வீட்டுக்கும் போய் நிற்கவில்லை, புதிதாக எழுதுவதில்லை, அவ்வளவுதான். இதில் சில பழைய வாடிக்கையாளர்களுக்கு வருத்தம். "பாப்பா அவங்க அப்பா மாதிரி இல்ல" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். நோட்டில் பெயர் உள்ளவர்கள்தான் அதிகமாகப் பேசுகிறார்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

பாப்பா செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது தடைக்கால மெனு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் போகக்கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது, இப்போது 61 நாள். ஃபைபர் போட்டும் கட்டுமரமும் போகலாம், ஆனால் அந்த மீன் கொஞ்சம், விலை அதிகம். மீதித் தேவைக்கு மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வரும். பாப்பா அந்த இரண்டு மாதமும் கடையை மூடாமல் கருவாட்டுக்கு மாறிவிட்டார். அது மாங்காய் சீசனும்கூட. நெத்திலிக் கருவாடு, மாங்காய், கத்தரிக்காய், முருங்கைக்காய் போட்ட குழம்பு. கூட வேகவைத்த முட்டை. வஞ்சிரம் கருவாட்டை மெல்லிசாக அரிந்து வறுத்ததும் உண்டு. வருஷம் முழுக்கக் கிடைக்காதா என்று இருந்தது எனக்கு. வேலைக்காரர்களுக்கும் முழுச் சம்பளம் கிடைக்கிறது.

ஒரு டெலிவரி ஆப்பிலும் சேர்ந்து பார்த்தார்கள். கமிஷன் போக மிஞ்சியதைப் பார்த்துவிட்டுப் பாப்பா விலகிவிட்டார். நல்லதுதான். வறுத்த மீனை மூடிய டப்பாவில் வைத்து அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் அது வேறு மீன். பார்சல் வேண்டுமென்றால் குழம்பும் புட்டும் வாங்குங்கள், வறுவல் வேண்டாம்.

குறைகள் இருக்கின்றன. கை கழுவும் இடம் ஒன்றே ஒன்று, அதுவும் பாத்திரம் போடுகிற இடத்தை ஒட்டி. வண்டி நிறுத்த இடம் கிடையாது. தெருவில் நிறுத்தினால் ஐஸ் வண்டிக்காரர் ஹாரன் அடித்தே எழுப்பிவிடுவார். மின்விசிறி இரண்டு, வாசல் பக்க மேசைகளுக்குக் காற்று வராது. டோக்கன் வாங்கிவிட்டு நிற்கும் இருபது நிமிஷமும் இப்போது வெறும் இருபது நிமிஷம், பேச்சுக் கொடுக்க ஆள் இல்லை. அது குறைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. பணம் வந்துவிட்டது என்று கத்துகிற அந்தச் சின்ன ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தைப் பாப்பா கொஞ்சம் குறைத்து வைத்தால் நன்றாக இருக்கும். மாமா இருந்திருந்தால் டிரெபிளைக் குறை என்றிருப்பார்.

அமாவாசை அன்று கடை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், காசிமேட்டுக்கு மீன் வாங்க வருகிற கூட்டம் முழுக்க அந்தத் தெருவில்தான் இருக்கும். புதன், வியாழன் நல்லது. என்னைக் கேட்டால் புரட்டாசியில் போங்கள்: பாதி ஊர் சைவத்துக்கு மாறியிருக்கும், மீன் விலை இறங்கியிருக்கும், உட்காரவும் இடம் கிடைக்கும். போனால் பெண் குரல் அண்ணன் பரிமாறுகிற வரிசையில் உட்காருங்கள். குழம்பு இரண்டாம் முறை கேட்காமலேயே வரும்.